கொதித்துத் தீர்ந்த கிராம்பு

இந்தக் கோப்பையில் இருப்பதை நீங்கள் டீ என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, சார். அலுவலகங்களில் அப்படித்தான் சொல்வார்கள். பட்டனை அமுக்கினால் இயந்திரம் ஊற்றுகிறது. நாமும் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். ஏலக்காய் டீ என்று அதன் மேல் படம்கூட ஒட்டியிருக்கிறார்கள். ஏலக்காய் எப்போதோ இந்தப் பக்கமாக நடந்துபோயிருக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சூடாக இருக்கிறது, அது போதும்.

நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. அத்தானின் விபத்தைப் பற்றி உங்கள் இலாகா எழுதிய அறிக்கையின் பிரதி அக்காவுக்கு வந்தது. நல்ல அறிக்கை. இருபது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் சொல்கிறேன், மொத்தமே நாலு ஒற்றுப்பிழைதான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. ‘இறந்தவர் மோப்ப உணர்வை முழுமையாக இழந்திருந்த காரணத்தால் எரிவாயுக் கசிவை அவரால் உணர இயலவில்லை.’ இலக்கணம் சரி. விஷயம் தப்பு. என் அக்கா புருஷனுக்கு வாசனை தெரிந்தது. அதை நேரில் பார்த்த ஆள் இப்போது உலகத்தில் நான் ஒருவன்தான் என்பதால், பஸ் பிடித்து வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நான் மெதுவாகவே சொல்கிறேன்.

அச்சகம் மூடிய வருஷமே என் மனைவியும் கிளம்பிப் போனாள். போகும்போது இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான், அவளைக் குறை சொல்ல முடியாது. நான் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன். எட்டு வருஷம் ஆகிவிட்டது. சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை, பழைய பேப்பர் போட்டு வைத்திருந்த இடம். பேப்பரை எடுத்துவிட்டு என்னைப் போட்டார்கள்.

அத்தான் என்னை ‘விருந்தாளி’ என்று கூப்பிடுவார். ‘விருந்தாளி சாப்பிட்டாச்சா?’ ‘விருந்தாளி குளிச்சு முடிச்சா சொல்லு, நான் போகணும்.’ நல்ல மனுஷர் சார், அதில் விஷம் கிடையாது. ஆனால் ஒரே நகைச்சுவையை வருஷக்கணக்காக, ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நானும் சிரிப்பேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த வேலை அதுதான்.

அவர் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவராக இருந்தவர். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை உறிஞ்சித் துப்பியவர். ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் வீட்டிலேயே சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தார். மசாலா டீ வகுப்பு. சிரிக்காதீர்கள், இடம் கிடைக்காமல் ஆட்கள் காத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சமையல் மேடையைச் சுற்றி நிற்பார்கள். இஞ்சியை எப்போது போடுவது, ஏலக்காயை எவ்வளவு தட்டுவது, தேயிலையை எந்தக் கொதியில் இறக்குவது. அப்புறம் அந்த டீயையும் மசாலாவையும் வைத்துச் சமையல். பேரிக்காயைத் தோல் சீவி டீயில் வேகவைப்பார். டீ மசாலா போட்டு கேக், பிஸ்கட், பால் சோறு. அவர் பாத்திரத்துக்கு மேலே குனிந்து கண்ணை மூடுவார், எல்லோரும் மூச்சை அடக்குவார்கள். ‘இப்போ’ என்பார். அந்த ‘இப்போ’வுக்காகத்தான் கூட்டம் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போயிற்று, கூடவே வாசனையும். முதலில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்க நெடி. பக்கத்து வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டுகிறார். அத்தானோ அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

“வெளிய சொல்லாதடா. காது கேக்காதவன்கிட்ட எவன் பாட்டு கத்துக்க வருவான்?”

“சொல்லமாட்டேன் அத்தான்.”

“உனக்கு மூக்கு ஒழுங்கா வேலை செய்யுதா?”

என் மூக்கைத்தான் பார்க்கிறீர்களே சார். நான் ஒரு அறைக்குள் நுழைவதற்கு முன்பே அது போய் உட்கார்ந்து இடம் பிடித்து வைத்திருக்கும். உடம்பில் மிச்சம் எல்லாம் சராசரிதான், மூக்கு மட்டும் தாராளம். அக்காவையும் சேர்த்து மூவருக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வகுப்பில் நான் உதவியாளன் மாதிரி அவர் பக்கத்தில் நிற்பேன். நான் வலது காதைத் தொட்டால் ஏலக்காய் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியை மேலே தள்ளினால் இஞ்சியின் பச்சை வாடை போய்விட்டது. இருமினால் பால் சரியில்லை. பிடரியைச் சொறிந்தால் அடிபிடிக்கிறது. அவர் குனிவார், கண்ணை மூடுகிற மாதிரி மூடி இமை இடுக்கில் என்னைப் பார்ப்பார், ‘இப்போ’ என்பார். ஒருதரம் எனக்கு நிஜமாகவே பிடரி அரித்தது. பதினொரு பேருக்கு முன்னால் அருமையான ஒரு பாத்திரம் டீயைத் தூக்கித் தொட்டியில் கொட்டினார். ‘அடிபிடிச்சிருச்சு. உங்களுக்கெல்லாம் தெரியல பாருங்க’ என்றார். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அன்றைக்கு அவரும் நானும் அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மூன்று பேராக. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து நான் விருந்தாளி இல்லை. ‘மூக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். ‘மூக்கா, இந்தச் சட்டை துவைச்சதா பாரு.’ ‘மூக்கா, நேத்து வச்ச குழம்பு தேறுமா?’ ‘மூக்கா, மழை வருமாடா?’ வெளியே போனால் நான் இல்லாமல் படியிறங்கமாட்டார். ஒரு மனிதர் தன் உடம்பில் ஒரு பாகத்தை எடுத்து என்னிடம் கொடுத்து வைத்திருந்தார், சார். அதற்கு முன்னால் என்னை நம்பி யாரும் ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை.

டாக்டர் பயிற்சி ஒன்று சொன்னார். நாலு கண்ணாடி டப்பா. கிராம்பு, ஏலக்காய், பட்டை, சுக்கு. வீட்டில் இருப்பதுதானே. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது எண்ணும் வரை முகர வேண்டும், அந்த வாசனையை நினைத்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு இரண்டு வருஷம், சிலருக்கு வராமலேயும் போகலாம். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “சில சமயம் இல்லாத வாசனை இருக்கிற மாதிரித் தோணும். அது மூளை ஞாபகத்துல இருந்து எடுத்து விடுறது. பயப்படாதீங்க, கண்டுக்காதீங்க.” எனக்கு ஞாபகசக்தி அதிகம். தொழில் அப்படி.

வாரம் ஒருமுறை டப்பாக்களை நிரப்புவது என் வேலை. ஏழு மாதம் ஒழுங்காக, நல்ல சரக்காகத்தான் நிரப்பினேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஏழாவது மாதம் ஒரு காலை. நான் என் அறையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அவர் குரல் வந்தது. “டேய் விருந்தாளி, இங்க வாடா.”

போனேன். சுக்கு டப்பாவை மூக்கில் வைத்தபடி நிற்கிறார், கண்ணெல்லாம் தண்ணீர். “வருதுடா. லேசா, தூரத்துல யாரோ போற மாதிரி. ஆனா வருது.” என்னைக் கட்டிக்கொண்டார். அவர் தோளெல்லாம் என் சவர நுரை. நான் சந்தோஷப்பட்டேன், சார். கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் முன்னாலேயே சொல்கிறேன், உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அவர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பது, திரும்பி வந்து மிச்சம் பாதி முகத்தைச் சவரம் செய்யும்போதுதான் உறைத்தது.

மத்தியானம் அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். “பாவம்டா நீ. எங்களுக்காக எத்தனை நாள்தான் கட்டுண்டு கிடப்ப. அவருக்குச் சரியாயிட்டா நீ உன் வழியைப் பாத்துக்கலாம். அந்த ரூமையும் சனிக்கிழமை கிளாஸ் சாமான் வைக்க எடுத்துக்கலாம்னு சொன்னார். உனக்கும் ஒரு விடுதலை.”

நல்ல மனதோடு சொன்னாள். அவள் மடித்துக்கொண்டிருந்தது என் சட்டையை.

வகுப்பு முடிந்த பிறகு வடிகட்டியில் எவ்வளவு மிஞ்சும் என்று உங்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு பேர் டீ போட்டால் கை நிறையச் சக்கை. பார்வைக்குச் சக்கை மாதிரியே இருக்காது. ஏலக்காயை நான் லேசாகத்தான் கீறிப் போடச் சொல்வேன், வெந்து காய்ந்தால் மறுபடி வாய் மூடிக்கொள்ளும். பட்டைக்கும் சுக்குக்கும் முகத்தில் ஒன்றும் தெரியாது. கிராம்பில்தான் சிரமம். கொதித்தால் தலை உதிர்ந்துவிடும், தலை உள்ளதாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். பொறுக்கியதை இன்னும் இரண்டு தடவை கொதிக்கவைத்து, தண்ணீரை மாற்றி, மொட்டை மாடியில் பேப்பர் விரித்து இரண்டு நாள் காய வைத்தால் போதும். கண்ணுக்குக் கிராம்பு. மூக்குக்குக் குச்சி. வெள்ளைத்தாளில் தலைகீழ் எழுத்தைத் தேடியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா.

முதல் வாரம் சுக்கை மட்டும்தான் மாற்றினேன். சும்மா, என்ன ஆகிறது என்று பார்க்க. அவர் முகர்ந்தார். இருபது எண்ணினார். மறுபடி முகர்ந்தார். டப்பாவை மூடி வைத்தார்.

“போயிடுச்சுடா மூக்கா.”

மூக்கா என்றார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

பிறகு நாலையும் மாற்றினேன். பதினாலு மாதம். ஒருநாள்கூட அவர் பயிற்சியைத் தவறவிட்டதில்லை. காலையில் குளித்துத் தலை சீவிக்கொண்டு, ஏதோ பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து அந்த டப்பாக்களுக்கு முன்னால் உட்காருவார். கண்ணை மூடி, உதடு அசைய, ஒன்று, இரண்டு, மூன்று. முடித்துவிட்டு, “இன்னிக்கும் இல்ல” என்பார். சில நாள் குரல் உடையும். நானும் அழுதிருக்கிறேன். அது நடிப்பு இல்லை, சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இளகிய மனது.

டப்பா மட்டும் போதாது என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். உலகம் முழுக்க வாசனைதானே. அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. வாசனையில்லாத சோப்பு வாங்கினேன். காட்டமான வாசனை பயிற்சியைக் கெடுக்கும் என்று டாக்டர் சொன்னதாக அக்காவிடம் சொன்னேன். அவள் முகப் பவுடர் போடுவதை நிறுத்தினாள், தலைக்கு எண்ணெய் மாற்றினாள். முப்பது வருஷப் பழக்கம், அவருக்காக விட்டாள். அவர் டீயை நான் தனியாகப் போடுவேன். அதே சக்கை, அதே டிகாக்ஷன், ஆனால் மிளகு கூட இரண்டு. நாக்கில் உறைப்பு தெரியுமே, டீ குடித்த மாதிரி இருக்கும். “உன் கையால போட்டாத்தான்டா இறங்குது” என்பார். ஒரு ருசிக்காரர் வாயால் அப்படிக் கேட்பது சின்ன விஷயமா.

ஆனால் அந்த மூக்கு விடவில்லை. அதைப் பாராட்ட வேண்டும். ஒருநாள் ஜன்னலோரம் நின்றவர், “மூக்கா, மண்ணு நனைஞ்ச வாசனை வருதே” என்றார். வெளியே தூறிக்கொண்டுதான் இருந்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, “நாலு சொட்டு அத்தான், மண்ணே நனையல. டாக்டர் சொன்னாரே, ஞாபக வாசனை” என்றேன். “ஓ” என்றார். அடுத்த மாதம் எலுமிச்சைத் தோல். அதற்கடுத்து நனைந்த நாய். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் வந்து கேட்பார், நான் ஞாபகம் என்பேன். கடைசியில் அவருக்கே பழகிவிட்டது. வந்து நிற்பார். “ஏதோ சோப்பு மாதிரி... இல்லல்ல?” என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு போய்விடுவார். என் வேலையை அவரே பார்த்துக்கொண்டார். எப்போதும் பெருந்தன்மையானவர்.

யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். பல் டாக்டரம்மா வகுப்பில் சேராமல் இருந்திருந்தால்.

கெட்டிக்காரி. ஒரு சனிக்கிழமை பேரிக்காய் வெந்துகொண்டிருந்தபோது அலமாரியில் இருந்த கிராம்பு டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். திரும்ப முகர்ந்தாள்.

“சார், கிராம்பு எண்ணெய் எங்க தொழில்ல நாள் முழுக்க மூக்குலயே இருக்கும். இதுல ஒண்ணுமே இல்லையே.”

அத்தான் மேடைக்கு அந்தப் பக்கம் யாருக்கோ கேக் மாவு காட்டிக்கொண்டிருந்தார். “பழசும்மா, மாத்தணும்” என்று நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன். “பழசானாலும் கடிச்சா தெரியுமே” என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைக்கிறேன். எந்த மனிதனும் இப்படி ஒரு வேலை செய்வான் என்று யாருக்குத் தோன்றும். எனக்கே தோன்றாமல்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஆனால் வியாழக்கிழமை அத்தானுக்குப் போன் செய்து பேசியிருக்கிறாள். அவர் ரகசியத்தை அவள் எப்போதோ ஊகித்திருந்தாள் போல. அன்று சாயங்காலம் அத்தான் என் அறை வாசலில் வந்து நின்றார். எட்டு வருஷத்தில் அவர் என் அறைப்பக்கம் வந்தது அபூர்வம். உட்கார இடம் இல்லை, கட்டில் நுனியில் உட்கார்ந்தார்.

“மூக்கா, நம்ம டப்பால இருக்கிற சரக்கெல்லாம் செத்துப் போச்சாம்டா. பல் டாக்டரம்மா சொன்னாங்க. ஏமாத்திட்டான் கடைக்காரன்.”

“அப்படியா அத்தான்?”

“அவங்களுக்குத் தெரிஞ்ச மூக்கு டாக்டர் ஒருத்தர் இருக்காராம். சீல் வச்ச குச்சி வச்சு டெஸ்ட் பண்ணுவாராம். நாப்பது வாசனை. திங்கக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கார்.” தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீயும் வா. ஒண்ணுமே வரலைன்னு சொல்லிட்டா, அந்த நேரத்துல நீ பக்கத்துல இருக்கணும்.”

“வராம எங்க போவேன்” என்றேன்.

சந்தேகப்பட்டிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் பாருங்கள். ஒரு மனிதர் உங்களைச் சந்தேகப்பட்டால் நீங்கள் கோபப்படலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். அவரோ நான் போட்டுக் கொடுத்த டீயின் கடைசி மடக்கில் வந்த சக்கையைத் துப்பிவிட்டு, “கடைக்காரனை உண்டு இல்லைன்னு ஆக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த நாற்பது குச்சியில் குறைந்தது முப்பது அவருக்குத் தெரியும். எனக்கு அது நிச்சயம். பிறகு யார் கடைக்காரன் என்றும் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை சிலிண்டர் மாற்றினார்கள். அதில் என் கை இல்லை. உங்கள் ஆட்கள் பார்த்துச் சொன்னது சரி, உள்ளே இருந்த ரப்பர் வளையம் பழசு. அந்தப் பத்தி அப்படியே இருக்கட்டும்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கண் விழித்தேன். என்னை எழுப்பியதே அந்த நாற்றம்தான். என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. குளிர் நாள், ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அக்கா நடைக்குப் போயிருந்தாள். எழுந்து போனேன்.

அத்தான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். இஞ்சி நசுக்கி ஓரமாக ஒதுக்கியிருந்தார். கையில் லைட்டர். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, யாரோ கூப்பிடுகிற மாதிரி. அவர் அப்படி நிற்க ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நசுக்கிய இஞ்சியின் ஓரம் காய ஆரம்பித்திருந்தது. அவர் பற்ற வைக்கவில்லை, சார். எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

“மூக்கா, கேஸ் வாடை வருதா?”

இதுதான் அந்த மூன்றாம் பக்கத்துக்கு நான் கொண்டுவந்த திருத்தம். கசிவை அவர் உணர்ந்தார். எனக்கு முன்னாலேயே உணர்ந்தார். இருபத்தொரு மாதம் கழித்து, டப்பாவுக்கும் டாக்டருக்கும் என் பொய்க்கும் தப்பி, அந்த மூக்கு எழுந்து நின்று, சரியான நேரத்தில் சரியான விஷயத்தைச் சொன்னது. கம்பெனியில் அவரை ஏன் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நான் மேடைக்கு அருகில் போய், இரண்டு தடவை நன்றாக மூச்சை இழுத்தேன். கண் எரிந்தது.

“இல்லையே அத்தான்.”

“நல்லாப் பாருடா. எனக்கு என்னமோ பலமா...”

“டாக்டர் சொன்னாரே. ஞாபகம்தான். நேத்து சிலிண்டர் மாத்தினாங்கல்ல, அதையே நினைச்சுட்டு இருந்திருப்பீங்க.”

அவர் முகம் விழுந்துவிட்டது. ஒரு நிமிஷம் சந்தோஷத்துக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பிய முகம். பிறகு, தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி சிரித்தார்.

“இதுவும் பொய்தானா. சரி. அப்ப பத்த வைக்கவா?”

நாலடியில் ஜன்னல். குனிந்தால் சிலிண்டர். இரண்டுக்கும் கை எட்டும். ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும், ‘இருங்க’ என்று. அந்த வார்த்தையைச் சொன்னால் அவருக்கு மூக்கு இருக்கிறது என்று ஆகிவிடும். திங்கட்கிழமை சனிக்கிழமையிலேயே வந்துவிடும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று யோசித்தேன். எந்தப் பெயரும் தோன்றவில்லை.

“வைங்க அத்தான். நான் போய்ப் பால் வாங்கிட்டு வரேன்.”

ஃபிரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வகுப்பு இருக்கிறதே, கூடுதலாக வேண்டும் என்று நினைத்திருப்பார். வெளியே வரும்போது சமையலறைக் கதவைச் சாத்தினேன். பழக்கம் என்று சொல்லலாம், முன்னே நாலு பேரிடம் அப்படித்தான் சொன்னேன். பழக்கம் இல்லை.

இருபத்தாறு படி. நான் வேகமாக இறங்கவில்லை. கேட்டைத் தாண்டி, தெருவில் கொஞ்ச தூரம் போன பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் உடனே பற்ற வைக்கவில்லை, பாருங்கள். என் வார்த்தையைக் கேட்ட பிறகும் நின்றிருக்கிறார். மறுபடி முகர்ந்திருப்பார், இருபது எண்ணியிருப்பார். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது. திரும்பி ஓடியிருக்கலாம். அங்கிருந்தே கத்தியிருந்தால் மேலே கேட்டிருக்கும், எனக்குக் குரலும் தாராளம்தான். பால் கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். நான் வரிசையில் நின்றேன்.

அந்தச் சத்தம் கேட்டபோது கடைக்காரர் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டார். நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவர் சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. திங்கட்கிழமை வரக் கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் சொன்னால், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அவரை மூக்கு இல்லாத மனிதராக மட்டும் காகிதத்தில் விட்டுவைக்காதீர்கள். அவர் தொழிலில் ராஜா. அந்த மரியாதையையாவது நான் செய்ய வேண்டாமா. அந்த வரியை அடித்துவிட்டு, ‘இறந்தவர் கசிவைச் சரியாக உணர்ந்தார்; உடனிருந்தவர் தெரிந்தே பொய் சொன்னார்’ என்று போடுங்கள். ‘தெரிந்தே’ ஒரே சொல், பிரிக்க வேண்டாம்.

காலையில் இங்கே கிளம்புவதற்கு முன்னால் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இப்போது பல் டாக்டரம்மா பார்த்துக் கொடுத்த இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. கடைசிவரை கேட்டாள். பவுடரைப் பற்றிச் சொன்ன இடத்தில் மட்டும் ஒருமுறை தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து உள் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் டீ போட்டுக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். நல்ல சரக்காகத்தான் போட்டேன்.

துக்கம் அப்படித்தான் செய்யும், இரண்டு நாளில் சரியாகிவிடுவாள். கையெழுத்து எங்கே போடவேண்டும், இங்கேயா? கதவை மறித்துக்கொண்டு நிற்கிறாரே அவரைக் கொஞ்சம் வழிவிடச் சொல்லுங்கள், சார். அக்கா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான் சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.